முதல் மாடியில் பப்பும் கரோக்கேயும்: கையெழுத்துக்கு முன் படிக்கட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மூன்று மாடிக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் ஆறு ஆண்டுகளாக வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். முதல் மாடியில் இருந்த ஸ்நூக்கர் சென்டர் மூடிவிட்டது. அங்கே பப், நான்கு கரோக்கே அறைகள் போடலாம் என்று யோசனை. மாத வாடகை 4,500 வெள்ளி. "ஸ்நூக்கர் லைசன்ஸ் இருந்த இடம், அப்படியே உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் வீட்டுக்காரர். மூன்று வருட ஒப்பந்தத்தில் இந்த வாரமே கையெழுத்து வேண்டுமாம். ஒரு ஏஜென்ட் 15,000 வெள்ளி கொடுத்தால் எல்லா லைசன்ஸும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எதிர்வரிசையில் அம்மன் கோயில், அடுத்த சாலையில் தமிழ்ப்பள்ளி இருக்கின்றன. கீழ்க் கடைச் சமையலறைக்கும் படிக்கட்டுக்கும் இடையிலுள்ள சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தால் சாப்பாடு மேலே கொண்டுபோக வசதி என்கிறார் கான்ட்ராக்டர். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தச் சுவரில் கை வைக்கவும் கான்ட்ராக்டரை விடாதீர்கள். லைசன்ஸ் கிடைக்குமா என்ற கேள்விக்கே நாம் இன்னும் வரவில்லை. அந்த மாடியை இந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்பது முதலில் தெரிய வேண்டும். இதில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இடத்தைப் பிடித்து, அறை கட்டி, ஒலிபெருக்கி வாங்கிய பிறகுதான் லைசன்ஸுக்குப் போகிறார்கள். அங்கே விண்ணப்பம் நிற்பது லைசன்ஸ் பிரிவில் இருக்காது. திட்டமிடல் பிரிவிலோ பொம்பா எனும் தீயணைப்புத் துறையிலோதான் நிற்கும்.

ஸ்நூக்கர் லைசன்ஸ் பற்றி வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். லைசன்ஸ் கொடுக்கப்படுவது குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட தொழிலுக்கு. கடைச் சாவியோடு சேர்ந்து அது கைமாறுவதில்லை. அந்த சென்டர் சரியான அனுமதியோடு நடந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. பல ஆண்டு நடந்துவிட்டது என்பதாலேயே ஓர் இடம் சட்டப்படியானது ஆகிவிடாது.

முதலில் மூன்று காகிதங்களைப் பாருங்கள். ஒன்று, நிலப் பட்டா. நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்தால் நிலத்தின் வகையும் 'ஷாராட் ஞாத்தா' என்ற வெளிப்படை நிபந்தனையும் தெரியும். அதில் குடியிருப்பு என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. வர்த்தகம் என்று இருந்தால் அடுத்த காகிதத்துக்குப் போகலாம். இரண்டு, மாநகர் கழகம் அங்கீகரித்த கட்டட பிளான். கடைவீடுகளின் மேல்மாடிகளுக்கு அந்த பிளானில் பெரும்பாலும் அலுவலகம் அல்லது குடியிருப்பு என்றுதான் எழுதியிருக்கும். மூன்று, அந்த மாடிக்குப் பிற்காலத்தில் பயன்பாட்டு மாற்ற அனுமதி ஏதாவது வாங்கப்பட்டதா என்பது. வாங்கியிருந்தால் கடிதம் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். இல்லை என்றால் வாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படிக்கட்டு. கடைவீட்டு மேல்மாடியில் பப் திறக்க நினைக்கும் யாரும் தவறவிடக் கூடாத இடம் இதுதான்.

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் 194ஆவது விதி ஒரே படிக்கட்டு உள்ள கட்டடங்களைப் பற்றியது. மேல்தளத்தின் உயரம் 12 மீட்டரைத் தாண்டாத கட்டடத்துக்கு ஒரு படிக்கட்டு போதும் என்று அது சலுகை தருகிறது. சலுகைக்கு நிபந்தனை உண்டு. மேல்மாடிகளைக் குடியிருக்கவோ அலுவலகமாகவோ மட்டும்தான் பயன்படுத்தலாம். கீழ்த்தளம் கடையாக இருக்கலாம். ஆனால் அங்கிருந்து முதல் மாடிக்குப் போகும் படிக்கட்டை மற்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் பிரிக்க வேண்டும். வாசல் பக்கத்தில் அந்தச் சுவர் கடை முகப்போடு 450 மில்லிமீட்டராவது திரும்பி வர வேண்டும்.

உங்கள் கட்டடத்தில் ஒரே படிக்கட்டுதான் என்றால், அறுபது எழுபது பேர் கூடிப் பாடும் இடத்துக்கு இந்தச் சலுகையில் இடமில்லை. கான்ட்ராக்டர் உடைக்கச் சொல்லும் சுவர் எது என்று இப்போது புரிந்திருக்கும். கீழே எரிவாயு அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, புகைக்குழாய் எல்லாம் இருக்கின்றன. தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்கிவர அந்த ஒரு வழிதான் உண்டு. சமையலறைப் புகை அந்தப் படிக்கட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தச் சுவர் மட்டுமே. அதில் சாதாரணக் கதவு வைத்தால், தீப்பிடித்த சில நிமிடங்களில் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். அங்கீகரிக்கப்பட்ட பிளான் இல்லாமல் அப்படி உடைப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படியும் குற்றம். இப்போது நல்லபடியாக நடக்கும் உங்கள் சாப்பாட்டுக் கடையின் தீக் காப்புறுதியையும் அது கெடுத்துவிடலாம்.

ஆகவே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பின்பக்கம் இரண்டாவது படிக்கட்டு உண்டா? பழைய கடைவீடுகள் சிலவற்றில் அது இருக்கும். யாரோ அடைத்துச் சாமான் அறையாக்கியிருப்பார்கள். இருந்தால் திறந்துவிட முடியும், அதுவே பெரிய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் புதிதாகக் கட்ட வேண்டும். அதை உங்கள் மனைக்குள்தான் கட்ட முடியும். பின்சந்துக்கு மேல் இரும்புப் படி தொங்கவிடலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அது பொது வழி. பிறகு ஒரு படியின் உயரத்தையும் மிதிக்கும் அகலத்தையும் அளங்கள். உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. செங்குத்தான பழைய படிகள் இந்த அளவில் தேறுவது கடினம். வெளியேறும் கதவு எதுவானாலும் சாவி இல்லாமல், யாரும் சொல்லித் தராமல், உள்ளிருந்து திறக்க வேண்டும். இரவில் பின்கதவுக்குப் பூட்டும் சங்கிலியும் போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

எத்தனை பேர் வரலாம் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 22 அடிக்கு 70 அடி மாடி என்றால் ஏறக்குறைய 143 சதுர மீட்டர். படிக்கட்டு, கழிப்பறை, கவுண்டர், சாமான் அறை போக 100 சதுர மீட்டர் மிஞ்சும் என்று வைப்போம். மேசை நாற்காலியோடு தளர்வாக உட்காரும் கூட்டத்துக்குத் துணைச் சட்டம் ஓர் ஆளுக்கு 1.35 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. 74 பேர் வருகிறது. நாற்காலி பொருத்தாத நெருக்கமான கூட்டம் என்றால் 0.65 தான், அதாவது 150க்கு மேல். வெளியேறும் வழிகளின் அகலம் இந்த எண்ணிக்கையை வைத்தே தீர்மானிக்கப்படும். உங்கள் வருமானக் கணக்கையும் இதே எண்ணிக்கையில் போடுங்கள். 120 பேர் வந்தால்தான் வாடகை கட்டும் என்றால் அந்த மாடி உங்களுக்கு உதவாது.

படிக்கட்டில் தேறினால் அடுத்தது திட்டமிடல் அனுமதி. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதே 'மேம்பாடு'. ஒரு செங்கல் கூட வைக்காவிட்டாலும் அப்படித்தான். 19ஆவது பிரிவு அதற்கு அனுமதி கேட்கிறது. மீறினால் 26ஆவது பிரிவில் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 வெள்ளி வரை கூடலாம். விண்ணப்பம் மாநகர் கழகத்தின் ஓ.எஸ்.சி. (ஒரே இட விண்ணப்ப மையம்) வழியாகப் போகும், பொம்பா உட்பட மற்ற துறைகளின் கருத்தும் கேட்கப்படும். பிளானை நீங்களே வரைந்து கொடுக்க முடியாது. பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பிளான் வரைவாளரோ வேண்டும். மாற்றத்தால் கார் நிறுத்துமிடத் தேவை கூடலாம், கடைவரிசையில் அதற்கு இடம் இருக்காது. இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டி வருமா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். வந்திருந்தால் அதில் உங்கள் வரிசைக்கு என்ன பயன்பாடு சொல்லியிருக்கிறதோ அதுவே முதல் அளவுகோல். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் 21ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு வேலைக்கு வருகிறது. பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம், விசாரணையும் கேட்கலாம். இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். சட்டம் கேட்பது உரிமையாளர்களை. அனுமதி மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். ஆட்சேபித்த பக்கத்து உரிமையாளருக்கும் அந்த உரிமை உண்டு என்பதை மறக்காதீர்கள்.

இனி கோயிலும் பள்ளியும். கோலாலம்பூரில் 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மதுபான வழிகாட்டி, வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை, போலீஸ் நிலையம் ஆகியவற்றை எதிர்நோக்கிய கடைகளில் மது விற்பனையை அனுமதிப்பதில்லை. பினாங்கில் நீங்கள் கேட்க வேண்டியது, எத்தனை மீட்டர் தூரம், அது வாசலிலிருந்து வாசலுக்கா, வேலியிலிருந்து வேலிக்கா என்பது. இதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். "பிரச்சினை இல்லை லா" என்று கவுண்டரில் சொன்னவர் ஆறு மாதம் கழித்து அதே நாற்காலியில் இருக்கமாட்டார்.

விதி என்ன சொன்னாலும், முதலில் கோயில் நிர்வாகத்தைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு அல்ல, முன்பே. அங்கே வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாடு எத்தனை மணிக்கு, ஞாயிறு தேவார வகுப்பு உண்டா, திருவிழாவில் ரதம் எந்தச் சாலை வழியாக வருகிறது என்று கேளுங்கள். அந்த நாட்களில் மேல்மாடியைத் திறக்கமாட்டோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும், நாங்கள் மாலையில்தான் திறக்கிறோம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். மாலை டியூஷன் வகுப்பு, புறப்பாட நடவடிக்கை முடிந்து வரும் பிள்ளைகள் நடப்பது அந்தச் சாலையில்தான். பள்ளி வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கம் பீர் விளம்பரப் பலகை வேண்டாம். இது நம் பிள்ளைகள் நடக்கும் வழி. மாநகர் கழகம் கேட்காவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இவை எல்லாம் தேறிய பிறகே லைசன்ஸ். "எல்லா லைசன்ஸும்" என்று ஏஜென்ட் ஒரே மூச்சில் சொன்னாலும் அவை வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. சாப்பாட்டுக்கும் வளாகத்துக்குமான வணிக லைசன்ஸையும் விளம்பரப் பலகை லைசன்ஸையும் மாநகர் கழகம் தருகிறது. பாட்டு, கரோக்கே, நேரடி இசை எதுவானாலும் மாநிலப் பொழுதுபோக்குச் சட்டத்தின் கீழ் தனி லைசன்ஸ் வேண்டும். பப் லைசன்ஸ் இருந்தால் பாட்டும் போடலாம் என்பது தவறு. மது விற்பனைக்கு 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின் கீழ் உரிம வாரியம் இருக்கிறது, அதற்கு மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். மதுபான உரிமங்களில் வகைகள் உண்டு, விற்கக்கூடிய நேரம் வகைக்கு ஏற்ப மாறும். இரவு ஒரு மணி வரை நடத்தினால்தான் லாபம் என்று திட்டம் போட்டுவிட்டு, பத்து மணியோடு முடியும் வகையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு.

எல்லாம் கிடைத்துவிட்டால்கூட லைசன்ஸ் உங்கள் சொத்து ஆகிவிடாது. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 107ஆவது பிரிவின்படி, மாநகர் கழகம் போன்ற உள்ளாட்சி மன்றம் தான் கொடுத்த லைசன்ஸை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேயே திரும்பப் பெறலாம். இழப்பீடு கிடையாது. புதுப்பிக்க மறுக்கவும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லைசன்ஸின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. நான்கு ஆண்டில் முதல் திரும்பும் என்று கணக்குப் போட்டு வங்கியில் கடன் எடுக்காதீர்கள். பதினெட்டு மாதத்தில் முதல் திரும்பாத அலங்காரத்தைச் செய்யாதீர்கள். லைசன்ஸைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வையுங்கள், அதுவும் சட்டம் கேட்பதுதான்.

கரோக்கே அறைகளைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறேன். இந்தத் தொழிலின் பெயர் கெடுவது மூடிய அறையில்தான். கதவில் உள்ளே தெரியும் கண்ணாடி வையுங்கள், உள்பூட்டு வேண்டாம், வெளிச்சத்தை முழுதும் அணைக்கும் சுவிட்ச் வேண்டாம், ஒவ்வொரு அறைக்கும் தனிக் கழிப்பறை வேண்டாம். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து குடிக்கப் பெண்களை ஏற்பாடு செய்தால் வருமானம் இரட்டிக்கும் என்று யாராவது சொல்வார்கள். வருபவர்கள் பெரும்பாலும் சமூக வருகை பாஸில் உள்ள வெளிநாட்டுப் பெண்கள், அந்தப் பாஸில் வேலை செய்ய முடியாது. குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவில் வேலைக்கு வைத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். அதைவிட முக்கியம், அந்தப் பெண்களில் பலர் கடனுக்காகவும் பறிக்கப்பட்ட கடப்பிதழுக்காகவும் அங்கே இருப்பவர்கள். அந்தப் பாவத்தில் உங்களுக்குப் பங்கு வேண்டாம். முஸ்லிம் ஊழியர்களை மது பரிமாற வைக்காதீர்கள், ஷரியா சட்டத்தில் அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அந்த அறிவிப்பைக் கடையில் வைத்து, சந்தேகம் வந்தால் மைகாட் அடையாள அட்டையைக் கேளுங்கள்.

சத்தம். புகார்களில் பெரும்பகுதி இதுதான், பணமும் இங்கேதான் வீணாகிறது. முட்டை அட்டை போன்ற ஸ்பாஞ்ச் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்புகிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பேஸ் ஒலியை அது தடுக்காது. பேஸ் தரை வழியாகவும் பொதுச்சுவர் வழியாகவும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. சப்வூஃபரை நேராகத் தரையில் வைக்காமல் தடித்த ரப்பர் திண்டின் மேல் வையுங்கள், ஒலிபெருக்கியைப் பொதுச்சுவரில் திருகாதீர்கள். பொதுச்சுவரைத் தொடாமல் ஓர் இடைவெளி விட்டு உலோகச் சட்டத்தில் தனிச்சுவர், உள்ளே ராக்வூல், மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை என்று செய்தால் பலன் தெரியும். பிறகு கதவைப் பாருங்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் செலவழித்த அத்தனையும் அந்த வழியே வெளியே போய்விடும். ஏர்கோன் குழாய் போன ஓட்டையும் அப்படித்தான். சுற்றுச்சூழல் துறையின் ஒலி வழிகாட்டியில் இரவு 10 மணிக்கே தொடங்கிவிடுகிறது, அனுமதிக்கும் அளவும் அப்போது இறங்கிவிடும்.

அந்த ஸ்பாஞ்ச் வேறொரு வகையிலும் ஆபத்து. 2022 ஆகஸ்டில் தாய்லாந்தின் சோன்புரியில் ஓர் இரவு விடுதி எரிந்தபோது, தீ வேகமாகப் பரவச் சுவரிலிருந்த ஒலித்தடுப்பு ஃபோம் ஒரு காரணம். தீயெதிர்ப்புச் சான்று இல்லாத எதையும் சுவரிலோ கூரையிலோ ஒட்டாதீர்கள். கடைக்காரரிடம் சான்றிதழைக் கேளுங்கள், ஒரு துண்டை வெட்டி வெளியே கொண்டுபோய்க் கொளுத்தியும் பாருங்கள். சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தால் வாங்காதீர்கள்.

யூடியூப்பைத் திரையில் ஓடவிட்டுக் கரோக்கே நடத்துவதும் பதிப்புரிமைச் சிக்கல். வணிக இடத்தில் பாட்டு ஒலிக்க பி.பி.எம்., எம்.ஏ.சி.பி. போன்ற அமைப்புகளிடம் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட் விஷயம். பிளான் வரைய, படிவம் நிரப்ப, அலைய என்று கூலி கேட்பது நியாயம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அரசுக் கட்டணத்தை நீங்களே கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். "உள்ளே ஆள் இருக்கு" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான். 20 ஆண்டு வரை சிறை, அதோடு லஞ்சத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதம். ஏஜென்ட் கையால் கொடுத்தேன் என்பது தப்பிக்கும் வழியல்ல.

வீட்டுக்காரரிடம் இப்படிப் பேசுங்கள். இரண்டு மாத முன்பணம், அரை மாதத் தண்ணீர் மின்சார முன்பணம், முதல் மாத வாடகை என்றால் 15,750 வெள்ளி கையை விட்டுப் போகும். அதற்குப் பதிலாக ஒரு சிறு முன்பதிவுத் தொகை கொடுத்து, ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பயன்பாட்டு மாற்ற அனுமதி, பொழுதுபோக்கு லைசன்ஸ், மதுபான உரிமம் ஆகிய மூன்றில் எதுவும் குறிப்பிட்ட தேதிக்குள் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும். அனுமதி வரும் வரை வாடகை இல்லை, அல்லது பாதி வாடகை. விண்ணப்பத்துக்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டியிருக்கும், அதைத் தர மறுக்கமாட்டேன் என்றும் எழுத வேண்டும். இரண்டாவது படிக்கட்டு கட்ட நேர்ந்தால் செலவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்தபின் இடிக்க வேண்டுமா என்பதும் அதில் இருக்கட்டும். வரைவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இந்த நிபந்தனையை ஏற்கமாட்டேன், இந்த வாரமே முழுப் பணமும் வேண்டும் என்றால், அந்த மாடியைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படிக்கட்டில் தேறாவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. மேல்மாடியை அலுவலகமாகவே பயன்படுத்துவோருக்கு விட்டுவிடுங்கள். கீழ்த்தளத்தில் இரவுச் சாப்பாட்டோடு குறைந்த நேரத்துக்குப் பீர் பரிமாறலாமா, அதற்கு எந்த வகை உரிமம் தேவை என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். கோயில் எதிரில் இருப்பதால் அந்தக் கேள்வி அங்கேயும் வரும். உங்கள் கடைக்கு ஹலால் சான்றிதழ் இருந்தால் மதுவோடு அது நிற்காது. மதியம் குடும்பத்தோடு வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருபவர்கள் பீர் போத்தல்களைப் பார்த்து எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்பது உங்கள் மனைவிக்குத்தான் நன்றாகத் தெரியும். டேப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு அளக்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.